விரலால் வரைய முடிகிற பெயர்

2002 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘பாபா’ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. விநியோகஸ்தர்களின் நஷ்டத்தை ரஜினிகாந்தே ஈடுகட்டினார். அந்தப் படத்தின் கதையை இன்று முழுதாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஆனால், ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நிமிர்த்தி, நடு விரலையும் மோதிர விரலையும் மடக்கிக் கட்டைவிரலில் சேர்க்கும் அந்த முத்திரை யாருக்கும் மறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2017 டிசம்பர் 31 அன்று ரஜினி அரசியலுக்கு வருவதாக அறிவித்தபோது அவருடைய மன்றத்தின் சின்னமாக வந்து நின்றதும் அதே கைதான். இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’. 2009-இல் வெளிவந்து உலகிலேயே மிக அதிகம் வசூலித்த படம் என்று பெயர் வாங்கியது. அதன் தலைப்போ, எந்தக் கணினியிலும் கிடைக்கிற ‘பாப்பிரஸ்’ எழுத்துருவைக் கொஞ்சம் மாற்றி எழுதியது. அந்த எழுத்துக்குக் கிடைத்த பெரிய புகழ், 2017-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதைக் கேலி செய்ததுதான். படம் ஓடினால் லோகோவும் நிலைக்கும், ஓடாவிட்டால் அதுவும் போகும் என்று திரைத்துறையில் சொல்லப்படுவது சரியில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

அப்படியானால் ஒரு படத்தின் சின்னம் எதனால் நிலைக்கிறது? பார்த்தவர் அதைத் தன் கையால் திரும்பச் செய்ய முடிவதால் என்பதே என் பதில். ஓவியம் கற்காத ஒருவர், நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலோ பள்ளி மேசையிலோ சுவரிலோ நாலைந்து கோடுகளில் அதைக் கொண்டுவந்துவிட முடிய வேண்டும். வரைந்தது கோணலாக இருந்தாலும் அடுத்தவர் பார்த்தவுடன் அது எந்தப் படம் என்று சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுத் தேர்தல் இந்த உண்மையை எப்போதோ கண்டுகொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த 1951-52 பொதுத்தேர்தலில் சின்னங்களை நம்பித்தான் வாக்குப்பதிவு நடந்தது. பின்னாளில் தேர்தல் சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர் ஆணையத்தின் வரைகலைஞர் எம்.எஸ்.சேத்தி. இரட்டை இலையையும் உதயசூரியனையும் வரைய எந்தக் கிராமத்திலும் ஆளைத் தேட வேண்டியதில்லை. கண் ஒருமுறை பார்த்ததைக் கை ஒருமுறை செய்துவிட்டால், பிறகு அது எளிதில் மறப்பதில்லை.

உலக சினிமாவில் இதற்குத் தெளிவான சான்று ஜேம்ஸ் பாண்டின் 007. 1962-இல் ‘டாக்டர் நோ’ படத்தின் செய்திக் குறிப்புகளை அச்சடிக்க ஒரு கடிதத்தாள் தலைப்பு வேண்டும் என்று ஜோசப் கரோஃப் என்ற வடிவமைப்பாளரிடம் கேட்டார்கள். எண்களை எழுதிப் பார்த்த அவர், 7 ஒரு துப்பாக்கியின் கைப்பிடியைப் போல இருப்பதைக் கவனித்தார். மேல்கோட்டை நீட்டிக் குழலாக்கினார், கீழே ஒரு விசையைச் சேர்த்தார், வேலை முடிந்தது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை, எண்ணுக்குள் ஒளிந்திருந்ததை வெளியே எடுத்தார். பாண்டாக நடித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அந்த 7 அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. 1955-இல் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்காக வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்ததும் இதே வகைதான். போதைப் பழக்கத்தில் சிக்கியவனின் கதைக்குக் காகிதத்தில் கத்தரித்தது போன்ற ஒரு முறுக்கிய கை, அவ்வளவே. 1989-இல் ‘பேட்மேன்’ படத்தின் முன்னோட்ட போஸ்டரில் படத்தின் பெயரே கிடையாது. வௌவால் சின்னமும் ஜூன் 23 என்ற தேதியும் மட்டும் இருந்தன. பெயரையே விட்டுவிடும் துணிச்சலை அந்தச் சின்னம் தந்தது.

இன்னும் நுட்பமாக வேலை செய்த இரண்டு படங்கள் உண்டு. 1984-இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேய் பிடிக்கும் கம்பெனி நடத்துகிறார்கள். கம்பெனி என்றால் அதற்கு ஒரு சின்னம் வேண்டாமா? சாலையோர எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கும் சிவப்பு வட்டம், குறுக்கே ஒரு கோடு, உள்ளே விழிக்கிற ஒரு வெள்ளைப் பேய். கதாபாத்திரங்களின் சட்டைக் கையில், அவர்களுடைய கார்க் கதவில், அலுவலக வாசலில் என்று படம் முழுக்க அது வருகிறது. 1993-இன் ‘ஜுராசிக் பார்க்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்து, மைக்கேல் கிரைட்டனின் நாவல் அட்டைக்காக 1990-இல் சிப் கிட் வரைந்த நிழலுருவை எடுத்து ஒரு வட்டத்துக்குள் வைத்தார்கள். கதையில் அது ஒரு பூங்காவின் வணிகச் சின்னம். ஜீப்பில், கதவில், விற்பனைக்கு வைத்த சாமான்களில் எல்லாம் அது இருக்கிறது. ஆகவே பார்வையாளர் சின்னத்தை விளம்பரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதில்லை. இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே குடியிருந்துவிட்டு வெளியே வருகிறார். அழகாக இருந்த பூங்கா சிதையச் சிதைய, அதே சின்னத்தின் பொருளும் மாறுகிறது. முதலில் ஆசை காட்டியது பின்னால் அச்சுறுத்துகிறது. படப்பிடிப்பெல்லாம் முடிந்தபிறகு போஸ்டர் டிசைனரைக் கூப்பிட்டு நாலு மாதிரி கேட்பவர்களுக்கு இது வாய்க்காது. சின்னம் கதை எழுதும்போதே பிறந்திருக்க வேண்டும்.

எம்.ஜி.எம். சிங்கத்தை யார் வரைய முடியும், அது நூறு ஆண்டுகளாக நிற்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னாளில் எம்.ஜி.எம்.-இன் பகுதியான கோல்ட்வின் நிறுவனத்துக்காக ஹோவர்ட் டயட்ஸ் யோசித்த அந்தச் சிங்கம் 1928-இல் முதன்முறையாகக் கர்ஜித்தது. அன்று முதல் அது ஒலியாகவும் இருக்கிறது. தவிர, நிறுவனச் சின்னம் என்பது ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் தலைமுறை தலைமுறையாகக் காட்டப்படுவது. ஒரு தனிப் படத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கிடைப்பது சில வாரங்கள். திரும்பத் திரும்பக் காட்டி மனதில் பதிக்க முடியாதபோது, ஒரே பார்வையில் பதிய வேண்டியிருக்கிறது. நிறுவனச் சின்னங்களிலும் எளிதில் மனதில் வரையக்கூடியவையே மக்களிடம் நெருக்கமாக இருந்தன. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினிக்கு ஊதுகுழல் ஊதும் இரண்டு குழந்தைகள். மிதுனம் என்ற பெயரையே படமாக்கியதால் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ராஜ்கபூரின் ஆர்.கே. நிறுவனம் 1949-இன் ‘பர்சாத்’ படத்திலிருந்தே தன் சின்னத்தை எடுத்துக்கொண்டது. ஒரு கையில் வயலின், மறு கையில் பெண்.

எளிமை என்று சொன்னால் எல்லாம் ஒரே மாதிரி மொட்டையாகிவிடாதா என்ற அச்சமும் பொய்யில்லை. பெரிய வணிக நிறுவனங்கள் தங்கள் சின்னங்களைத் தட்டையாக்கி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் செய்துகொண்டதை நாம் பார்க்கிறோம். ஆனால் நான் கேட்பது கோடுகள் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கும் மேலே. அந்தக் கோடுகள் அந்த ஒரு படத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ எழுத்தைப் பாருங்கள். பார்ப்பவரை மிரட்டும்படி, பாசிசத் தோரணையோடு இருக்க வேண்டும் என்று ஜார்ஜ் லூகாஸ் கேட்டதால், சூசி ரைஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் ஹெல்வெடிகா எழுத்துருவின் தடித்த வடிவத்தை அடிப்படையாக வைத்து, பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்தார். அந்தப் பிணைப்பு இரண்டையும் எடுத்துவிட்டால் அது வெறும் எழுத்துரு. படத்தின் உயிர் அந்த இரண்டு வளைவுகளில் இருக்கிறது.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். பேனர் ஓவியர்களின் காலத்தில் இந்தச் சோதனை தானாகவே நடந்தது. சிறிய மாதிரியின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபது அடித் துணியில் போட்டு, தலைப்பைக் கையால் பெரிதாக்கினார்கள். திருநெல்வேலியில் ஒருவர், தஞ்சாவூரில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று ஒரே தலைப்பைப் பல கைகள் எழுதியாக வேண்டும். கை எழுத முடியாத வடிவம் அங்கே தாக்குப்பிடிக்காது. பிளக்ஸ் வந்ததும் இந்தச் சல்லடை போய்விட்டது. எவ்வளவு சிக்கலான தலைப்பும் ஒரு பொத்தானில் நாற்பது அடிக்கு விரியும். உலோகப் பளபளப்பு, விரிசல், நெருப்புப் பொறி, இரத்தத் துளி எல்லாம் ஏறின. பொறியையும் துளியையும் துடைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது பல தலைப்புகளில் ஒரே தடித்த எழுத்துதான்.

இத்தனைக்கும் நம் எழுத்தைப் போல இதற்குத் தோதான எழுத்து அரிது. தமிழ் இலக்கணமும் பள்ளி வாத்தியார்களும் எழுத்தின் உறுப்புகளுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: கொம்பு, துணைக்கால், மேல்விலங்கு, கீழ்விலங்கு, சுழி, புள்ளி. ஒவ்வொன்றும் ஓர் உருவம். 2015-இல் ‘கொம்பன்’ என்று ஒரு படம் வந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்தே கொம்போடுதான் தொடங்குகிறது. காவல்துறைச் சித்திரவதையைப் பேசிய வெற்றிமாறனின் படத்துக்குப் பெயர் ‘விசாரணை’. அதன் முதல் எழுத்தின் தலையிலேயே ஒரு விலங்கு மாட்டியிருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அதன் கடைசி எழுத்து யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்து இறங்கியிருக்கும். கரோஃப் 7-க்குள் கண்டுபிடித்த துப்பாக்கியைப் போல நூறு உருவங்கள் நம் எழுத்துக்குள் காத்திருக்கின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் செங்கல் போல நிற்பவை. நம் எழுத்துகள் மேலேயும் கீழேயும் கை நீட்டுபவை. ஆங்கில வடிவத்தை முதலில் செய்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் தமிழை நுழைக்கும்போது இந்தக் கைகளைத்தான் வெட்டுகிறார்கள். கொம்பு சுருங்குகிறது, சுழி மழுங்குகிறது, புள்ளி எங்கே போனதென்றே தெரிவதில்லை.

ஐந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் படத்துக்கு ஆங்கிலத் தலைப்புதானே பொது, தயாரிப்பாளர் வேறென்ன செய்வார் என்பது அடுத்த வாதம். வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்வதை ஒதுக்க முடியாது. ஆனால் பல மொழிக்கும் பொதுவாகச் செல்லக்கூடியது ஆங்கில எழுத்தில்லை, ஓர் எண்ணம். பாபா முத்திரைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? எண்ணம் எழுத்தின் உடம்பில் இருக்குமானால், ஒவ்வொரு எழுத்திலும் அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அது கூடுதல் உழைப்பு, ஆனால் முடியாதது இல்லை. 1943-இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்த சத்யஜித் ரே, தன் படங்களின் வங்காளத் தலைப்புகளைத் தானே எழுதினார், போஸ்டர்களைத் தானே வடிவமைத்தார். ரோமன் எழுத்துருக்களையும் உருவாக்கத் தெரிந்தவர் அவர். இருந்தும் தாய்மொழி எழுத்தைப் பெட்டிக்குள் அடக்கவில்லை, படத்துக்குப் படம் அதைப் புதிதாக வளைத்தார். உலகம் அந்தப் படங்களை ஏற்றுக்கொள்வதற்கு வங்காள எழுத்து தடையாக இருக்கவில்லை. நம் அரசும் 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. சொல் தமிழானது. எழுத்தின் வடிவத்தைப் பற்றி அன்றைக்கும் யாரும் பேசவில்லை, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து பழைய வரி முறையே மாறிய பிறகும் பேசவில்லை.

போஸ்டரின் காலம் முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் மோஷன் போஸ்டர்தான், அசைவும் இசையும் சேர்த்தால் போதும் என்று சொல்பவர்கள் தங்கள் கைபேசியைத்தான் பார்க்க வேண்டும். ஓ.டி.டி. தளத்தில் ஒரு படம் கட்டைவிரல் நகத்தின் அளவில் கிடக்கிறது. 2017-இல் ‘மெர்சல்’ படத்துக்கு ட்விட்டர் தனி எமோஜி கொடுத்தபோது அந்தச் சின்னம் ஓர் எழுத்தின் அளவுக்குச் சுருங்கியது. அந்த அளவில் விரிசலும் பளபளப்பும் சேறாகிவிடும். சுருக்கினாலும் கலையாத கோடு மட்டுமே மிஞ்சும்.

007-ஐ வரைந்த கரோஃபுக்கு அன்று கிடைத்தது 300 டாலர். பிறகு வந்த எத்தனையோ படங்களும் பொருள்களும் அந்தச் சின்னத்தால் சம்பாதித்தன. அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை. 2025 ஆகஸ்டில், 103 வயதில் இறந்தபோதுதான் பலர் அவர் பெயரையே முதன்முறையாகப் படித்தார்கள். தமிழ்த் தயாரிப்பாளர்களையும் இயக்குநர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதை முடிவானதும், படப்பிடிப்புக்கு முன்பே, தமிழ் எழுத்து தெரிந்த ஒரு கலைஞரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். முதல் வடிவத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒரு பள்ளிச் சிறுவனிடம் காட்டி, மறைத்துவிட்டு, வரையச் சொல்லிப் பாருங்கள். படம் வரும்போது டைட்டில் கார்டில் அந்த எழுத்தை வரைந்தவரின் பெயரைத் தனியாகப் போடுங்கள்.