பேய்ப் படங்களும் அடுத்த பாகங்களும்

ராகவா லாரன்ஸ் இயக்கிய பேய்ப் படங்களை நம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', பின்னர் 2015இலும் 2019இலும் மேலும் இரண்டு. இவற்றில் தேறுவது 'காஞ்சனா' ஒன்றே.

அதில் சரத்குமார் ஏற்றது ஒரு திருநங்கை வேடம். பெற்றோர் துரத்திவிட்ட அந்தப் பிள்ளைக்கு ஒரு முஸ்லிம் பெரியவர் அடைக்கலம் கொடுக்கிறார். ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய காணியை ஓர் அரசியல்வாதி பறித்துக்கொண்டு, அவர்களைக் கொன்று அந்த மண்ணிலேயே புதைக்கிறான். 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் திரும்பிவந்து, காணிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கவேண்டியதில்லை. பேய் அங்கே ஒரு சாட்டுத்தான்.

அடுத்த இரண்டிலும் கொலையும் பழிவாங்கலும் உண்டு. ஆனால் கொல்லப்பட்டவருக்காக மனம் கலங்குவதில்லை. கதாநாயகன் பேய்க்குப் பயந்து நடுங்குவதும், சத்தமும், அடிதடியும்தான் நீளுகின்றன. சுந்தர் சி.யின் 'அரண்மனை'யும் 2014 முதல் 2024 வரை நான்கு பாகம் வந்துவிட்டது. மாளிகை மாறுகிறது, கதை மாறவில்லை! இவற்றைப் பார்த்துச் சிரித்த பிள்ளை இரவில் கிணற்றடிக்குத் தனியே போகாது. 'காஞ்சனா' பார்த்த பிள்ளையோ, "அந்தக் காணியை ஏன் பறித்தார்கள், உம்மா?" என்றும் கேட்கும்.