உதவியாளர் நாற்காலிக்கே நேர்ந்துவிடப்பட்டவர்களா?

2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியக் கால்பந்து அணி 0-1 என்ற கணக்கில் தோற்றதையடுத்து, தலைமைப் பயிற்சியாளர் காலித் ஜமீலை அனுப்பிவிட்டு மீண்டும் ஓர் ஐரோப்பியரைக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய பல்லவி தொடங்கியிருக்கிறது. அவருக்கு முன்பிருந்த ஸ்பானியர் மனோலோ மார்கெஸ், எட்டு ஆட்டங்களில் மாலத்தீவை மட்டுமே வென்று விடைபெற்றதை இப்பல்லவி பாடுவோர் வசதியாக மறந்துவிட்டனர்.

2016-17இல், அன்றைய முதன்மைத் தொடரான ஐ-லீகில், மோகன் பகானை ஒரே ஒரு புள்ளியால் முந்தி மிசோரத்தின் ஐஸால் அணியைச் சாம்பியனாக்கியவர் ஜமீல். அத்தகையவர் சில ஆண்டுகளிலேயே, ஐஎஸ்எல் தொடரின் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியில், ஸ்பானியரான ஜெரார்டு நுஸுக்கு உதவிப் பயிற்சியாளராக அமர நேர்ந்தது. 2021 ஜனவரியில் நுஸ் நீக்கப்பட்டதும், நிரந்தர ஆள் கிடைக்கும்வரை அணியைப் பார்த்துக்கொள்ளும் இடைக்காலப் பொறுப்பு ஜமீலிடம் வந்தது. அதுவரை 11 ஆட்டங்களில் 12 புள்ளிகளே எடுத்திருந்த அணி, எஞ்சிய 9 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 21 புள்ளிகள் சேர்த்து அரையிறுதிக்குள் நுழைந்தது. ஆட்டத்துக்கு 1.09 என்றிருந்த புள்ளிச் சராசரி 2.33 ஆனது, இதே விகிதத்தில் 20 ஆட்டங்களையும் கணக்கிட்டால் 46 புள்ளிகளைத் தாண்டும், அவ்வாண்டு பட்டியலில் முதலிடம் பிடித்த மும்பை சிட்டி எடுத்ததோ 40தான். இடையில் புதிய வீரர்கள் சிலர் சேர்ந்தார்கள் என்பது உண்மையே, ஆனால் சராசரியை இருமடங்குக்கு மேல் உயர்த்த அது போதாது.

ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றைக் கோட்டைவிட்டவர் ஜமீல் என்ற வாதம் பொருட்படுத்தத் தக்கதன்று. முதல் இரு ஆட்டங்களில் ஒரே புள்ளி எடுத்துவைத்துச் சென்றவர் மார்கெஸ். சிங்கப்பூரில், இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பின்னும், பத்துப் பேராக ஆடி 90ஆம் நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் சமன் செய்தது ஜமீலின் அணியே. மட்காவில் 1-2 எனத் தோற்றது தோல்விதான்; ஆனால், கழகங்கள் வீரர்களை முகாமுக்கு விடுவிக்கவே மறுக்கும் நாட்டில், அதற்கான பழி பயிற்சியாளரின் தலையில் மட்டும் ஏன் விடிய வேண்டும்?

2014இல் தொடங்கிய ஐஎஸ்எல்லில் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக ஓர் இந்தியரை அமர்த்தவே 2021 வரை ஆயிற்று, அவரும் இதே ஜமீல்தான். எனவே, 2031ஆம் ஆண்டு வரை தேசிய அணிக்கு வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளரே கூடாது என அனைத்திந்தியக் கால்பந்து கூட்டமைப்பு அறிவிக்க வேண்டும். ஐஎஸ்எல் கழகங்களில் பாதியாவது, இப்போது உதவியாளர்களாக முடக்கிவைத்திருக்கும் இந்தியர்களிடமே அணியை ஒப்படைக்கும்படி விதி செய்ய வேண்டும்.