பெயரை நீக்கி வெல்வது வெற்றியாகாது

திருவனந்தபுரம் மாநகராட்சித் தேர்தலின் முடிவுகள் 2025 டிசம்பர் 13 அன்று வெளியானது முதல், இடதுசாரி இயக்கத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் அதுபற்றிய விவாதம் நடந்து வருகிறது. மொத்தமுள்ள 101 வார்டுகளில் ஒன்றில் வேட்பாளர் மறைவால் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டது. எஞ்சிய 100 வார்டுகளில் பாஜக தலைமையிலான அணி 50, இடது ஜனநாயக முன்னணி 29, ஐக்கிய ஜனநாயக முன்னணி 19 என இடங்களைப் பெற்றன. இரண்டில் சுயேச்சைகள் வென்றனர். டிசம்பர் 26 அன்று மேயர் பொறுப்பு பாஜகவின் கைக்குச் சென்றது. 2010-ல் இதே மாமன்றத்தில் அக்கட்சிக்கு ஆறே உறுப்பினர்கள் இருந்தனர். 2015-லும் 2020-லும் அந்த எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. ஆகவே இந்தச் சரிவு ஓரிரவில் நேர்ந்ததன்று. அதன் அரசியல் காரணங்களை ஆராயும் பணி ஒருபுறம் தொடரட்டும். இக்கட்டுரை ஒரேயொரு வார்டில் நடந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கையில் அது சிறியது. அதில் அடங்கியுள்ள கொள்கைப் பிரச்சனையோ பெரியது.

அந்த வார்டின் பெயர் முட்டடா. நீண்ட காலமாக இடதுசாரிகள் வென்றுவந்த வார்டு. அங்கே காங்கிரஸ் சார்பில் வைஷ்ணா சுரேஷ் என்ற 24 வயது இளம்பெண் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். வாக்காளர் பட்டியலில் அவருக்குரிய வீட்டு எண் சரியானதன்று என்று இடதுசாரி ஊழியர் ஒருவர் புகார் அளித்தார். அந்தப் புகாரை ஏற்றுப் பதிவு அலுவலர் அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. கேரளச் சட்டப்படி, எந்த உள்ளாட்சி அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அங்கு மட்டுமே ஒருவர் போட்டியிட முடியும். ஆகவே ஒரு வீட்டு எண்ணைப் பற்றிய ஐயம் ஒரு குடிமகளின் இரண்டு உரிமைகளையும் ஒரே நாளில் பறித்தது.

அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். வெறும் நுட்பக் காரணத்தைக் காட்டி ஓர் இளம்பெண் போட்டியிடும் வாய்ப்பைப் பறிக்கலாகாது என்ற கருத்தை நீதிமன்றம் வெளிப்படுத்தியது. மனுத்தாக்கலுக்கான கெடு முடிவதற்குள் முடிவெடுக்குமாறு மாநிலத் தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. நவம்பர் 19 அன்று ஆணையம் நீக்கத்தை ரத்து செய்து பெயரை மீண்டும் சேர்த்தது. மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் நவம்பர் 21. இரண்டே நாள் இடைவெளியில் ஒரு வேட்புமனு பிழைத்தது. முட்டடா வாக்காளர்கள் அவரையே மாமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அவருடைய கட்சியின் கொள்கைகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கேள்வி அதுவன்று. புகார் அளிப்பது சட்டம் வழங்கிய உரிமைதானே, எல்லாக் கட்சிகளும் செய்வதுதானே என்று சில தோழர்கள் வாதிடுகிறார்கள். சட்டம் அனுமதிப்பது உண்மை. சட்டம் அனுமதிப்பதெல்லாம் ஓர் உழைக்கும் மக்கள் இயக்கத்துக்குத் தகுமா என்பதே நாம் கேட்க வேண்டியது. எதிராளியை வாக்குச்சாவடியில் தோற்கடிப்பது அரசியல். எதிராளி வாக்குச்சாவடியை எட்டாமலே செய்துவிடுவது நிர்வாகத்தின் துணையோடு நடக்கும் விலக்கல். இரண்டாவது ஆயுதத்தை யார் எடுத்தாலும், இறுதியில் அது ஆளும் வர்க்கத்தின் கைக்கே பொருத்தமாக அமையும். ஏனெனில் அலுவலகமும் கோப்பும் முத்திரையும் நிரந்தரமாக அவர்களிடமே இருக்கின்றன.

வாக்காளர் பட்டியல் என்பது வெறும் ஆவணமன்று. அதற்குப் பின்னால் நூறாண்டுப் போராட்டம் இருக்கிறது. திருவனந்தபுரம் இதற்கே சாட்சி சொல்லும் நகரம். 1904-ல் இங்கு ஸ்ரீமூலம் பிரஜா சபை அமைக்கப்பட்டபோது, அதில் குரல் கிடைத்தது வரி செலுத்தும் உடைமையாளர்களுக்கே. வயலில் உழைத்தவனுக்கு வரி ரசீது இல்லை. எனவே வாக்கும் இல்லை. நகரின் அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்து, பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டும் உரிமைக்காகப் போராடிய அய்யன்காளி 1912-ல் அந்தச் சபையில் அமர்ந்தார். அவர் அங்கு சென்றது நியமன உறுப்பினராகத்தான். அவருடைய மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் நிலை அன்று இல்லை. 1932-ல் சட்டமன்றச் சீர்திருத்தம் வந்தபோதும் வாக்குரிமை சொத்தோடு கட்டப்பட்டே இருந்தது. அதை எதிர்த்து ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் தேர்தலிலிருந்து விலகி நின்று நடத்தியதுதான் நிவர்த்தனக் கிளர்ச்சி.

வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்ற நிலையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது 1948 பிப்ரவரியில். இன்று குமரி மாவட்டமாக இருக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் தமிழ் மக்களும் அன்று அந்தப் பட்டியலில்தான் இருந்தார்கள். குத்தகை விவசாயியும் கயிறு திரிக்கும் பெண்ணும் முந்திரி ஆலைத் தொழிலாளியும் பட்டியலில் ஏறியதால்தான், 1957-ல் ஒரு கம்யூனிஸ்ட் அமைச்சரவை வாக்குச்சீட்டின் வழியே திருவனந்தபுரத்தில் பொறுப்பேற்க முடிந்தது. பட்டியலின் வாசல் அகலத் திறந்தபோதெல்லாம் இடதுசாரிகள் வளர்ந்தார்கள். வாசல் குறுகும்போது முதலில் வெளியே நிற்பவர்கள் நம்முடைய மக்கள். இது நன்றியுணர்ச்சி பற்றிய பேச்சன்று. வர்க்க நலன் பற்றிய கணக்கு.

இந்தக் கணக்கு இன்று எவ்வளவு உயிரோட்டமானது என்பதைத் தமிழகத்தில் நாம் கண்கூடாகப் பார்க்கிறோம். எஸ்.ஐ.ஆர். எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் சுமார் 66 இலட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டார்கள். சென்னையில் மட்டும் 14 இலட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. கேரளத்தின் வரைவுப் பட்டியலில் விடுபட்டவை சுமார் 24 இலட்சம்.

முகவரியில் காணப்படாதவர் யார்? பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறும் வாடகைக் குடும்பம். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தெறியப்பட்ட குடிசைவாசி. அலுவலர் கதவைத் தட்டும் பகல் வேளையில் கட்டடப் பணியில் இருக்கும் தொழிலாளி. பிறந்த வீட்டுப் பட்டியலில் நீக்கப்பட்டுப் புகுந்த வீட்டுப் பட்டியலில் சேர்க்கப்படாத பெண். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவைச் சுற்றிப் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலும், நேற்று வந்து சிறு அறையில் தங்கியிருக்கும் புலம்பெயர் தொழிலாளர்களிலும் இதே நிலையில் இருப்போர் உண்டு. சொந்தவீட்டுக்காரரின் முகவரி மாறுவதில்லை. முகவரிப் பிழை என்பது ஏழையின் வாழ்க்கையோடு ஒட்டிப் பிறந்தது.

தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. எனவே இன்று விடுபடும் பெயர் நாளை வார்டுத் தேர்தலிலும் இராது. அந்த மனிதர் தம் தெருவின் கழிவுநீர்க் கால்வாய்க்காக ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. தாமே நிற்கவும் முடியாது. இதனால்தான் தமிழகத்தில் இடதுசாரிகள் எஸ்.ஐ.ஆருக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். கேரளச் சட்டமன்றம் 2025 செப்டம்பர் 29 அன்று, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றிணைந்து, அதற்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் மை உலர்வதற்குள் முட்டடாவில் ஒரு வீட்டு எண்ணைக் காட்டி ஒரு பெயர் நீக்கப்பட்டது. டெல்லி செய்தால் அது வாக்குரிமைப் பறிப்பு, வார்டில் நாம் செய்தால் அது தேர்தல் உத்தி என்று மக்களிடம் சொல்ல முடியுமா? சொன்னாலும் அவர்கள் நம்புவார்களா?

போலிப் பெயர்களையும் இரட்டைப் பதிவுகளையும் அப்படியே விட்டுவிடலாமா என்ற கேள்வி எழும். விடக்கூடாது. இறந்தவரின் பெயரில் வாக்கு விழுவதும் ஏழையின் வாக்கைத் திருடுவதே. ஆனால் நீக்கத்துக்கு ஒரு முறை உண்டு. உரியவருக்கு எழுத்துப்பூர்வமாக அறிவிப்பு செல்ல வேண்டும். ஆவணங்களைக் காட்ட அவருக்கு வாய்ப்பும் கால அவகாசமும் தரவேண்டும். நீக்குவதென்றால் காரணத்தை ஆணையில் எழுத வேண்டும். தேர்தலுக்கு முன்பே மேல்முறையீட்டுக்கு இடம் வைக்க வேண்டும். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, இந்த ஊரில் வசிக்கிறாரா, வேறெங்கும் வாக்காளராக இல்லையா என்பவையே அடிப்படைக் கேள்விகள். இவற்றுக்கு விடை சரியாக இருக்கும்போது எண்ணில் உள்ள பிழையைத் திருத்த வேண்டும். ஆளை நீக்கக் கூடாது. வைஷ்ணாவுக்கு வழக்கறிஞர்களும் ஒரு பெரிய கட்சியும் ஊடகங்களும் துணை நின்றதால் சில நாட்களில் நீதி கிடைத்தது. சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சில நாட்கள் எங்கிருந்து கிடைக்கும்?

வாக்களிக்கும் உரிமையைப் போற்றும் அளவுக்குப் போட்டியிடும் உரிமையை நாம் பேசுவதில்லை. பதினெட்டு வயதில் வாக்கு. உள்ளாட்சியில் போட்டியிட இருபத்தொன்று. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இருபத்தைந்து ஆண்டுகள் நிறைய வேண்டும். கோடிகள் புரளும் அந்த அரங்குகளில் உழைப்பாளிக்கு இடம் கிடைப்பது அரிது. ஒரு சாதாரண மனிதர் தம் தெருவில் நடந்து வாக்குக் கேட்டு வெல்லக்கூடிய கடைசி அரங்கு வார்டுதான். அதனால்தான் ஆதிக்கச் சக்திகள் அங்கேயே முதலில் கதவடைக்கின்றன. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தோழர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. அரிவாளால் தடுப்பதும் கோப்பால் தடுப்பதும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையல்ல. ஆயினும் இன்னார் நிற்கக்கூடாது என்று மக்களுக்கு முன்பாக வேறொருவர் தீர்மானித்துவிடுவது இரண்டுக்கும் பொதுவானது.

தேர்தலையே நடத்தாமல் விடுவது இன்னொரு வகைத் தடுப்பு. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. இருந்தும் தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இன்றிக் கிடந்தன. 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்த வகையில் கேரளத்தின் சாதனை பெருமைக்குரியது. அங்கு உள்ளாட்சித் தேர்தல்கள் ஐந்தாண்டுக்கொரு முறை நடக்கின்றன. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளுக்குத் திருப்பியது. மின்பணியாளர் ஒருவரின் மகளான ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் 21 வயதில், கல்லூரி மாணவியாக இருக்கும்போதே, திருவனந்தபுரத்தின் மேயரானார். அந்த நாளில் நாடெங்கும் இளைஞர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். இளம்பெண் ஒருத்திக்கு மாநகராட்சியின் கதவைத் திறந்துவிட்ட இயக்கம் என்ற பெயர் நமக்குக் கிடைத்தது. ஐந்தே ஆண்டுகளில், அதே நகரத்தில், இன்னோர் இளம்பெண்ணின் பெயரை நீக்க முயன்றவர்கள் என்ற பெயரையும் நாமே தேடிக்கொண்டோம்.

முட்டடா நிகழ்வால்தான் மாநகராட்சி கைவிட்டுப் போனது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது ஓர் அறிகுறி. வார்டு சபையில் மக்களை எதிர்கொள்ளும் பழக்கம் தளர்ந்து, கோப்புகளை எதிர்கொள்ளும் திறமை வளர்ந்துவிட்டதன் அறிகுறி. டிசம்பர் 9 அன்று இந்த மாநகராட்சியில் வாக்குப்பதிவு 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பட்டியலில் பெயர் இருந்தும் பத்தில் நான்கு பேர் வரவில்லை. ஒரு பெயரை நீக்கச் செலவிட்ட உழைப்பை, வராத அந்த நான்கு பேரின் வாசலில் செலவிட்டிருக்க வேண்டும்.

அடுத்து என்ன செய்வது? ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் வரைவுப் பட்டியலை அச்செடுத்து வீடு வீடாகச் செல்ல வேண்டும். விடுபட்டவருக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுப்பதிலும், ஆவணம் இல்லாதவரோடு அலுவலகம் வரை செல்வதிலும் அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்று கேட்கக் கூடாது. எதிரணி ஆதரவாளரின் பெயர் விடுபட்டிருந்தால் அதற்காகவும் வாதாட வேண்டும். அப்படிச் செய்யும் இயக்கத்துக்குத்தான், உழைக்கும் மக்களின் பெயர்கள் இலட்சக்கணக்கில் அழியும்போது எழுந்து நின்று கேள்வி கேட்கும் தகுதி உண்டு. திருவனந்தபுரத்தை மீண்டும் வெல்லும் பாதையும் அந்த வாசல்களின் வழியாகத்தான் செல்கிறது.