"வாழாவெட்டி" என்று சொல்லலாமா?

1968-ம் ஆண்டு "தில்லானா மோகனாம்பாள்" படம் வந்தது.

சிவாஜி கணேசன் நாதசுர வித்துவான். பத்மினி நாட்டியக்காரி. இரண்டு பேருமே பெரிய நடிப்பு. ஆனாலும் படம் பார்த்தவர்கள் வீடு திரும்பும்போது இன்னொருத்தியையும் மறக்காமல் மனதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள்தான் நாடகக்காரி "ஜில் ஜில்" ரமாமணி!

அந்த வேடத்தில் வந்தவர் மனோரமா. கள்ளம் கபடம் தெரியாத பேச்சு. குலுக்கி நடக்கும் நடை. கொட்டகையே சிரித்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1966-ல், மனோரமாவின் இல்லற வாழ்க்கை முறிந்துபோயிருந்தது. கையிலே ஒரு ஆண் குழந்தை.

"சினிமாக்காரி வாழ்க்கையில் இதெல்லாம் சகஜம்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் மனோரமாவின் தாயார் கதையையும் கேட்க வேண்டும். அந்த அம்மாள் சினிமாக்காரி அல்ல.

தாய்க்கும் அதே கதி

மனோரமா 1937-ல் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. அவர் குழந்தையாக இருந்தபோதே தந்தை இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். பெண் யார்? மனைவியின் சொந்தத் தங்கை!

அந்தக் காலத்தில் அது குற்றமே அல்ல. மனைவி இருக்கும்போது ஒருவர் மறுமணம் செய்துகொள்வதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-ல்தான் வந்தது. நாடு முழுவதும் உள்ள இந்துக்களுக்கு 1955-ல் வந்தது. ராமாமிர்தம் அம்மாள் அதற்கு முன்பே கண்ணீர் விட்டு முடித்திருந்தார்.

மகளைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தார். நாலு வீட்டில் வேலை செய்து வயிற்றைக் கழுவினார். அவருக்கு உடம்பு முடியாமல் போனது. மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தானும் வீட்டு வேலைக்குப் போனாள்.

தாய்க்கு இல்லாத ஒன்று மகளுக்கு இருந்தது. நல்ல குரல்! 12 வயதில் நாடக மேடை ஏறினாள். "மனோரமா" என்பது அங்கே கிடைத்த பெயர். "ஆச்சி" என்பது செட்டிநாடு கொடுத்த பெயர்.

கண்ணதாசன் சொன்ன யோசனை

1958-ல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த "மாலையிட்ட மங்கை" படத்தில் வாய்ப்பு வந்தது. ஆனால், நகைச்சுவை வேடம்! மேடையில் கதாநாயகியாக நடித்த பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

கதாநாயகி என்றால் நாலைந்து வருடத்தில் ஒதுக்கிவிடுவார்கள். நகைச்சுவை நடிகை நெடுங்காலம் நிலைப்பாள் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னாராம். இதை மனோரமாவே பின்னாளில் பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அது எவ்வளவு பெரிய யோசனை என்பது பிறகுதான் தெரிந்தது. அழகை நம்பிய தொழிலுக்கு வயது எதிரி. கல்யாணமும் எதிரி. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனால் மார்க்கெட்டு போய்விடும் என்று பயந்த காலம் அது. சிரிக்க வைக்கிறவளுக்கு அந்தப் பயம் இல்லை.

காதலும் பிரிவும்

நாடகத்தில் உடன் இருந்த ஒருவரை மனோரமா காதலித்தார். 1964-ல் கல்யாணம். குழந்தை பிறந்தது. அது கைக்குழந்தையாக இருக்கும்போதே பிரிவும் வந்துவிட்டது.

மனோரமா அதை மூடி மறைக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னார். மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

(இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்களாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "காதல் ஏன் தோற்றது?" என்று நடிகையிடம் திருப்பித் திருப்பிக் கேட்கிறோம். நகைச்சுவை நடிகர்களிடம் இதை எத்தனை பேர் கேட்கிறோம்?)

தாயும் தனி மரம், மகளும் தனி மரம். ஆனால் தாய் நின்றது போல மகள் நிற்கவில்லை. ஏன்? கையிலே தொழில் இருந்தது. "அனுபவி ராஜா அனுபவி" 1967-ல் வந்தது. 1968-ல் "தில்லானா". அதே ஆண்டு "பொம்மலாட்டம்" படத்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடிக் கலக்கினார். 1989-ல் வந்த "புதிய பாதை" படத்துக்குத் தேசிய விருது. 2002-ல் பத்மஸ்ரீ. படங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

எல்லாப் பெண்களும் மனோரமா ஆக முடியுமா? முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஒரு தையல் மெஷின், ஒரு வாத்தியார் வேலை, ஒரு நர்சு படிப்பு போதும். "கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு எதற்கு?" என்று கேட்டுப் படிப்பை நிறுத்துகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. நகைக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பெண்ணின் படிப்புக்குச் செலவிடக் கூடாதா?

அந்தச் சொல்

கணவன் கைவிட்ட பெண்ணை நம் ஊரில் என்ன சொல்கிறார்கள்? "வாழாவெட்டி!"

விட்டுப் போனவர் யாரோ. பட்டம் மட்டும் இவளுக்கு! கோளாறு யார் பக்கம் என்று விசாரிக்கக்கூட மாட்டார்கள். இரண்டு பக்கமும் தவறு இருக்கிற குடும்பங்கள் உண்டுதான். ஆனாலும் ஆணுக்கு அப்படி ஒரு பட்டம் தமிழில் இல்லையே!

சர்க்கார் காகிதத்தில் "கணவரால் கைவிடப்பட்டவர்" என்று எழுதுகிறார்கள். காகிதம் சரியாகச் சொல்கிறது. தெரு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1973-ம் வருடச் சட்டத்தில், ஜீவனாம்சமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை. அந்த வரம்பை 2001-ல்தான் எடுத்தார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று எந்தத் தாயும் பயப்பட வேண்டாம். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட்டில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள்.

2015-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி மனோரமா காலமானார். வயது 78. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எல்லாவற்றிலும் "ஆச்சி, ஆச்சி" என்றுதான் இருந்தது. அந்தப் பொல்லாத சொல் எங்கள் கண்ணில் படவில்லை.

பள்ளத்தூரில் வீடு வீடாகப் போய் வேலை செய்த ராமாமிர்தம் அம்மாளை, அந்தக் காலத்தில் என்ன சொல்லிப் பேசினார்களோ!