வரவேற்பறையில் பட்டினி

புது அபார்ட்மென்ட், மார்பிள் தரை, சோபாவுக்குப் பின்னால் கடல்நீர் அக்வேரியம். அதில் ஒரு 'புளூ ஸ்ட்ரைப் பைப்ஃபிஷ்' விட்டால் எடுப்பாக இருக்கும் என்று யாராவது ஆசை காட்டினால், தயவுசெய்து மயங்காதீர்கள்.

தமிழில் குழல்மீன். கடல்குதிரைக்குப் பங்காளி. மிஞ்சிப்போனால் ஏழு சென்டிமீட்டர். ஆரஞ்சு உடம்பு, பக்கவாட்டில் நீலக் கோடு, குட்டி விசிறி மாதிரி வால். செங்கடலில் தொடங்கி பசிபிக்கின் அந்தக் கரை வரைக்கும் பாறை இடுக்குகளில், பெரும்பாலும் ஜோடியாக வாழ்கிறது. மற்ற மீன்களின் மேல் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வதும் உண்டு. அழகுதான். அதில் எனக்குத் தகராறே இல்லை.

தகராறு வயிற்றில். இந்தக் குடும்பத்துக்கே இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. ஸ்ட்ரா போன்ற வாயால், தண்ணீரில் மிதக்கும் பொடிப்பொடி இறால் இன உயிர்களைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். சேர்த்துவைக்க இடமில்லாததால் பகல் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். நீங்கள் ஆபீஸ் போகும்போது ஒரு சிட்டிகை, சீரியல் முடிந்ததும் ஒரு சிட்டிகை என்று தூவுகிற டப்பாத் தீனியை அது பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. உயிரோடு நெளிகிற இரை போட்டாலும், தொட்டியில் இருக்கிற மற்ற முரட்டு மீன்கள் முந்திக்கொள்ளும். ஏழாயிரம் ரூபாய் விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஜீவன் பட்டினி கிடக்கும். விருந்தாளிகள் 'சூப்பர்' என்பார்கள்.

இன்னொன்று. இங்கே கர்ப்பம் ஆணுக்கு. பெண் முட்டைகளை ஒப்படைத்துவிடும். பொரிகிற வரை வயிற்றடியில் சுமப்பது அப்பா. (டயபர் மாற்றவே அலுத்துக்கொள்ளும் கணவர்கள் கவனிக்க.) அப்படிப்பட்ட ஆணைப் பிடித்தால் ஒரு தலைமுறையே சேர்ந்து வருகிறது. பிடிக்கிற லட்சணமும் தெரிந்ததுதானே? அலங்கார மீன்களுக்காகப் பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சுகிற வழக்கம் பிலிப்பைன்ஸில் 1960-களிலேயே தொடங்கிவிட்டது.

"நான் வாங்காவிட்டால் இன்னொருத்தன் வாங்குவான் சார்!" லஞ்சம் வாங்குகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

உலக அளவிலான சைட்டீஸ் ஒப்பந்தம் 2004-ல் கடல்குதிரை வணிகத்துக்குக் கடிவாளம் போட்டபோது, பங்காளியை விட்டுவிட்டது. நம் சர்க்கார் தேவலை. 2001-லேயே இந்தக் குடும்பம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்துவிட்டது. எனவே யாராவது உங்களிடம் குழல்மீன் விற்க வந்தால், பில் கேட்டுப் பாருங்கள்.