எலும்பன்று, எலும்பேறும் சாரம்

ஓடி விளையாடும் சிறுவன் ஒருவன் கீழே விழுகிறான். தோளையடுத்த மேற்கை எலும்பு முறிகிறது. ஊடுகதிர்ப் படம் எடுத்த பின்னரே, அவ்வெலும்பினுள் நீர் நிறைந்த குழியொன்று முன்னரே இருந்தமை தெரிய வருகிறது. “புற்றன்று, அஞ்ச வேண்டா. சுரண்டியெடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு வைத்துவிடலாம்” என்கிறார் மருத்துவர். பெற்றோர் முகம் தெளிகிறது. ஆனால், ஆறுதல் தரும் அச்சொல்லிலேயே பிழையும் தொடங்குகிறது. செயற்கை எலும்பு எனப்படும் அது எலும்பே அன்று.

எலும்பினுள் தோன்றும் தீங்கற்ற கட்டிகள் பலவகையின. வளரும் பருவத்தில் தோன்றித் தாமே மறைவனவும் உண்டு. அவற்றுக்குக் கத்தி வேண்டுவதில்லை. வளர்ந்து எலும்பின் சுவரை மெலிவித்து முறிக்க வல்லனவற்றையே பெரும்பாலும் சுரண்டியெடுக்கின்றனர். எஞ்சும் குழியை நிரப்ப, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது வெட்டியெடுத்து இடுவது நெடுநாள் வழக்கம். அதில் எலும்பாக்கும் உயிரணுக்கள் உண்டு. தன்னுடலின் பொருளாகலின் உடல் அதனைத் தள்ளுவதுமில்லை. எனினும், ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண் உண்டாகிறது; எடுத்த இடத்து வலி சிலர்க்கு நெடுநாள் நீடிக்கிறது. எல்லாவற்றினும் மேலாக, சிறுபிள்ளையின் இடுப்பில் எடுப்பதற்கு எலும்புதான் எவ்வளவு இருக்கும்?

இக்குறையே மாற்றுப்பொருளைத் தேடத் தூண்டியது. 1892-இல் செருமானிய மருத்துவர் திரீசுமன், எலும்புக் குழிகளைப் பாரிசுச் சாந்தால் நிரப்பிய செய்தியை வெளியிட்டார். 1920-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்பி, கால்சியம் பாசுபேட்டைக் கொண்டு எலும்பு வளர்ச்சியைத் தூண்ட முயன்றார். 1969-இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் இலாரி எஞ்சு, எலும்போடு பிணையும் கண்ணாடியை உருவாக்கினார். இன்று மருத்துவமனைகளில் மணிகளாகவும் கட்டிகளாகவும் குழம்பாகவும் கிடைப்பன இவ்வழியில் வந்தனவே.

இவற்றின் பணி, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதை ஒத்தது. நுண்துளைகள் நிறைந்த பொருளாயின், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அகலமுள்ள துளைகளினூடே குருதி நாளங்கள் நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து உயிரணுக்கள் வந்து புது எலும்பைக் கட்டுகின்றன. சாரமோ சிறிது சிறிதாய்க் கரைகிறது. பாரிசுச் சாந்தின் இனமான கால்சியம் சல்பேட்டு சில கிழமை அல்லது சில திங்களில் கரையும். டிரைகால்சியம் பாசுபேட்டுக்குப் பல திங்களோ, ஓரிரண்டு ஆண்டோ ஆகும். ஐதராக்சியபட்டைட்டு பல்லாண்டு நிற்கும். சுவர் எழுமுன் சாரம் கரைந்தால் குழி குழியாகவே எஞ்சும். கரையாது நின்றாலோ, ஊடுகதிர்ப் படத்தில் வெண்மையாய்த் தோன்றி, மீண்டும் முளைக்கும் கட்டியை மறைக்கவும் கூடும். எனவே, எல்லாக் குழிக்கும் ஒரே மருந்து என்பது பொருந்தாது.

மேலும், இப்பொருள்கள் பெரும்பாலும் ஓடுபோல் நொறுங்குந் தன்மையின. முறுக்கையும் வளைவையும் தாங்கா. கட்டி மீண்டும் வராமல் தடுக்கும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை. அது குழியைச் சுரண்டிய கையின் செம்மையைப் பொறுத்தது. சுரண்டாது விட்ட துணுக்கை எந்த உயர்ந்த சாந்தாலும் மூடி மறைக்கலாமேயன்றி அழிக்கவியலாது. நிரப்பாமலே ஆறும் சிறு குழிகளும் உண்டாகலின், விலைமிக்க பொருளை வழக்கம் பற்றி இடுவதும் முறையாகாது.

மாற்றுப்பொருளை வெறுப்பது இதன் நோக்கமன்று. பிள்ளையின் இடுப்பை இரண்டாம் முறை வெட்டாது காக்கும் பொருள் போற்றத் தக்கதே. ஆனால், “எலும்பு வைத்தாயிற்று” என்று கேட்ட பெற்றோர், மறுதிங்களே மகனைப் பந்தாட விட்டால், மீண்டும் முறியும் எலும்புக்குப் பொறுப்பாவார் யார்? சொல்லைப் பிழைபட வழங்கியவரன்றோ?

ஆகலின், மருத்துவர் நான்கனைப் பெற்றோர்க்கு விளங்கும் மொழியில் உரைத்தல் வேண்டும்: இடுவது எப்பொருள், அஃது எப்போது கரையும், உறுப்பின்மேல் எப்போது பளு ஏற்றலாம், எத்தனை ஆண்டு படமெடுத்துப் பார்க்க வேண்டும். பெற்றோரும் இந்நான்கனையும் கேளாது கையொப்பமிடல் வேண்டா. எலும்பைக் கட்டுவது பிள்ளையின் உடலே. மருத்துவம் இடுவது சாரமே. இதனை உணர்ந்தவர், சுவர் எழுமட்டும் பொறுத்திருப்பர்.