தேய்மானம் என்றொரு சொல்

என் தாயாருக்கு இப்போது வயது 72. சின்னாளபட்டியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். சிறுமியாக இருந்த நாளிலிருந்து தரையில் அமர்ந்து தறிக்குத் தார் சுற்றியவர்; பின்னர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். நாற்காலி என்பது எங்கள் வீட்டில் விருந்தினருக்கு மட்டுமே உரியதாக இருந்த காலம் அது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரு முழங்கால்களிலும் வலி கண்டது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: "தேய்மானம்மா. இனிமே கீழே உட்காராதீங்க, படி ஏறாதீங்க."

வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்க்கையில் அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை என்பது புரிந்தது. ஆனால் என் தாயார் அந்த ஒரு வாக்கியத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாசலில் கோலம் நின்றது. பந்தியில் அமர்வது நின்றது. எதிர்வீட்டுத் திண்ணைப் பேச்சு நின்றது. மூன்றாண்டுகளின் முடிவில், யாரேனும் கைகொடுத்தால் ஒழிய நாற்காலியிலிருந்தே எழ முடியாதவராகிவிட்டார். முழங்கால்கள் அவரைக் கைவிட்டதைவிட அவர் முழங்கால்களைக் கைவிட்டதே அதிகம் என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

தமிழாசிரியனாகிய எனக்கு உறுத்துவது அந்தச் சொல்தான். தேய்மானம். எங்கள் கல்லூரியில் அடுத்த வகுப்பறையில் வணிகவியல் ஆசிரியர், இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருவதைக் கற்பிக்கும்போது இதே சொல்லைத்தான் ஆள்கிறார். செருப்பு தேய்கிறது, சக்கரம் தேய்கிறது, சந்தனக்கட்டை தேய்கிறது. தேயும் பொருளைக் காப்பாற்ற ஒரே வழி அதைக் குறைவாகப் பயன்படுத்துவது. என் தாயார் செய்ததும் அதுவே. சொல்லின் தருக்கப்படி அவர் நடந்துகொண்டதில் பிழையே இல்லை. பிழை சொல்லில் இருந்தது.

மூட்டு செருப்பைப் போன்றதன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்கள் கிடையாது. மூட்டின் அசைவில் அழுந்தியும் விரிந்தும், சுற்றியுள்ள நீரிலிருந்தே அது தனக்கான உணவைப் பெறுகிறது. அசைவு நின்றால் ஊட்டமும் குறைகிறது. மூட்டைத் தாங்கும் தொடைத் தசைகளோ பயன்படுத்தாவிட்டால் வற்றுகின்றன, தசை வற்றினால் சுமை முழுவதும் மூட்டின்மேல் விழுகிறது, வலி கூடுகிறது, வலிக்கு அஞ்சி மேலும் ஓய்வு. இந்தச் சுழலில்தான் நம் வீட்டு முதியவர்களில் பலர் சிக்கியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சிதைவும் நோயாளி உணரும் வலியும் பல சமயங்களில் ஒத்துப்போவதில்லை என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல், இந்நோய் கண்ட எல்லோருக்கும் உடற்பயிற்சியையே அடிப்படைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

இனி கைபேசிக்கு வருகிறேன்.

2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகெங்கும் ஏறத்தாழ 59.5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. இத்தனை பேருக்கும் அருகிருந்து பயிற்சி தர எந்த நாட்டிலும் ஆளில்லை. ஸ்வீடன் நாட்டில் 2008இல் தொடங்கப்பட்ட மூட்டுநோய்த் தன்பேணல் திட்டம் ஒன்றின் அடியொற்றி, பின்னர் கைபேசிச் செயலி ஒன்றும் அங்கே உருவானது. நாள்தோறும் சில நிமிடப் பயிற்சி, நோயைப் பற்றிய எளிய பாடங்கள், தொலைவிலிருந்து வழிநடத்தும் இயன்முறை மருத்துவர் என்பது அதன் அமைப்பு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், அதை ஆறு வாரம் பயன்படுத்தியோருக்கு வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட வலி குறைந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தமரும் திறனும் கூடியது. பொதுவாக இத்தகைய பயிற்சிகளின் பலன் மிதமானதே. அற்புதம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பேருந்துப் படியேறவே அஞ்சும் ஒருவரை வாரம் இருமுறை திண்டுக்கல்லுக்கு அழைத்துவர முடியாதபோது, வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் மிதமான பலனைத் தள்ளிவிடவும் முடியாது.

அந்த நம்பிக்கையில்தான் இரண்டாண்டுகளுக்கு முன் தமிழில் பேசும் ஒரு செயலியை என் கைபேசியில் இறக்கினேன். தமிழில் பேசியதாகச் செயலி நினைத்துக்கொண்டது. "உங்கள் நாற்றலைத் தசையை ஈடுபடுத்துங்கள்" என்றது. என் தாயார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாலு தலை பிரம்மாவுக்குல்ல இருக்கும்?" என்றார். அடுத்து அவருடைய அன்றாடச் செயல்திறனை அறியும் வினாக்கள். காலுறை அணிவதில் சிரமம் உண்டா? காரில் ஏறி இறங்குவதில்? குளியல் தொட்டிக்குள் இறங்குவதில்? வாழ்நாளில் காலுறையே அணியாத ஒருவர் இதற்கு என்ன மதிப்பெண் இடுவார்? ஒன்பதாம் நாள் செயலி கைவிடப்பட்டது.

ஆர்வத்தில் இவ்வினாக்களின் மூலத்தைத் தேடிப் பார்த்தேன். 1980களில் கனடாவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் புழங்கும் அளவுகோல் ஒன்றில் காலுறையும் காரும் குளியல் தொட்டியும் இருக்கின்றன. குத்தவைத்து அமர்வது இல்லை. 1990களில் வந்த மற்றோர் அளவுகோலில் அது உண்டு. எங்கே தெரியுமா? ஓடுதல், தாவுதல் ஆகியவற்றோடு சேர்த்து, 'விளையாட்டும் பொழுதுபோக்கும்' என்ற பிரிவில். குத்தவைப்பதும் மண்டியிடுவதும் அங்கே விளையாட்டு. திண்டுக்கல் பட்டறையில் தரையில் அமர்ந்து பூட்டுக்கு அரம் போடுபவருக்கும், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் குனிந்து மல்லிகை பறிப்பவருக்கும், களையெடுப்பவருக்கும் அதுவே பிழைப்பு. கழிப்பறைக்குப் போவதும் சாமி கும்பிடுவதும் அதில்தான் அடங்கும். பழநியில் 1966 முதல் விஞ்சும் 2004 முதல் ரோப் காரும் ஓடுகின்றன. ஆயினும் படியேறி வருவதாக நேர்ந்துகொண்ட ஒருவருக்கு அந்த 693 படிகள் எந்தப் பிரிவில் சேரும்? யாருடைய அன்றாடம் அளக்கப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் அன்றாடச் செயல்திறனை அளந்துவிட முடியாது.

எங்கள் வீட்டில் திருப்பம் நிகழ்ந்தது வேறு வழியாக. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவமும் ஓர் அங்கம். பக்கவாதத்தால் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்க்க வந்த ஓர் இளம்பெண், வாசலில் நாற்காலியிலிருந்து எழத் தடுமாறிய என் தாயாரைக் கண்டு உள்ளே வந்தார். தேய்மானம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. "நம்மூர்ப் பூட்டுதாம்மா உங்க முட்டி. திறக்காமலே போட்டு வச்சா துருப்பிடிக்காதா? தெனமும் சாவி போட்டுத் திறந்து மூடணும்" என்றார். அவ்வளவுதான். மூன்றாண்டுகளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த உவமையில் நெகிழ்ந்தது.

அவர் சொல்லச் சொல்ல, நான்கு பயிற்சிகளை என் மகள் கைபேசியில் படம்பிடித்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உயர்த்துவது. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்தமர்வது என எளியவையே. பயிற்சியின்போது வலி சற்றுக் கூடலாம், மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அஞ்ச வேண்டாம் என்ற அறிவுரையும் அதே குரலில் பதிவாகியிருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்குக் கைபேசி மணியடிக்கும். "அப்பத்தா, பூட்டைத் திறக்கணும்" என்று மகள் வந்து நிற்பாள். எண்ணிக்கையை அவளே நாட்காட்டித் தாளில் குறிப்பாள். தொடக்கத்தில் அரை நிமிடத்தில் ஆறுமுறை எழுந்தமர முடிந்தது. மூன்று மாதத்தில் பதினொன்று. அடுத்த பொங்கலுக்கு மணைக்கட்டையில் அமர்ந்தபடி வாசலில் கோலமிட்டார். வலி போய்விடவில்லை. மேற்கத்தியக் கழிப்பறையே இன்றும் தேவைப்படுகிறது. ஆயினும் எழுவதற்கு இன்னொருவர் கைக்காகக் காத்திருப்பதில்லை.

ஆக, கருவி கைபேசிதான். ஆனால் அதற்குள் இருந்தது அறிந்த குரல், அறிந்த உவமை. அருகில் ஓர் ஆள். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். இந்த நான்காமவரை உழைச்செல்வான் என்கிறார். இன்றைய செயலிகள் முதல் மூவரையும் ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள் அடக்கிவிட்டன; நான்காமவரை மறந்துவிட்டன. சுய மேலாண்மை என்று மொழிபெயர்க்கும்போதே அந்த மறதி தொடங்கிவிடுகிறது. மேலாண்மை அலுவலகச் சொல். அதில் 'சுய' சேர்ந்ததும் ஒருவர் தன்னந்தனியாக நின்று தன் உடலுக்குக் கணக்கெழுதும் தோற்றம் வருகிறது. நான் தன்பேணல் என்றே சொல்ல விரும்புகிறேன். பேணுதல் என்ற சொல்லில் உறவின் சூடு இருக்கிறது. இனி உங்கள் மூட்டு உங்கள் பொறுப்பு என்று கைகழுவும் சாக்காகக் கைபேசி ஆகிவிடக் கூடாது. வீடு தேடி வந்த அந்தப் பெண்ணின் இடத்தை அது நிரப்பவும் முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூட்டு திடீரென வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, காலையில் நெடுநேரம் விறைத்துக் கிடந்தாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்வதே முறை.

மற்றபடி, மருத்துவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள்: அந்தச் சொல்லைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். செயலி செய்வோரிடம்: உங்கள் வினாக்களில் கோலத்தையும் பந்தியையும் சேருங்கள். தமிழ் படித்த நம்மிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் தசைக்கு நாலு தலை வைத்தது நாம்தானே? பூட்டுக்கு ஒரு சாவி செய்துகொடுத்தது, தமிழிலக்கியம் படித்திராத ஓர் இளம்பெண். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.